மாமாவின் நாற்காலி ஊர் சுற்றிய விவரம்

புடாபெஸ்ட், புடா கரை, மூன்றாம் மாடி.
ஜூன் மாதம், வியாழன் காலை.

பெருமதிப்புக்குரிய அம்ப்ரூஷ் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகன் பாலின்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். ஜன்னல் நலம். எதிர்க்கரையில் நாடாளுமன்றம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டான்யூப் போன வாரம் நான்கு விரல் ஏறி, பிறகு மனம் மாறி இறங்கிவிட்டது. அங்கே ஏரிக்கரைச் சிகிச்சை விடுதியில் உங்கள் புது முழங்கால் பழைய முழங்காலோடு ஒத்துப்போகிறது என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என் நாற்காலி ஜன்னல் பக்கம்தானே இருக்கு?"

"இருக்கு மாமா" என்றேன். அப்போது அது உண்மை.

"அது அங்க இருந்தா சனிக்கிழமை வீட்டுக்கு வரேன். எழுபத்திரண்டு படியையும் ஏறிடுவேன். இல்லேன்னா சொல்லிடு, நான் கிங்காகூட ஜியோருக்குப் போயிடறேன். அவ வீடு தரைத்தளம். லிஃப்டுகூட தேவையில்ல."

உங்கள் மகள் கிங்கா நல்லவள். ஜியோர் நல்ல ஊர். அவள் வீட்டு ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரியும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லக்கூடாது.

நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே வருவதைப் படிக்கும்போது இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை அது இங்கே இல்லை. தரைத்தளத்து பிரோஷ்கா அத்தை அன்று காலைதான் வாட்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். இன்று திரும்பிவிடுவார். திரும்பியதும் யாராவது அவரிடம் சொல்வார்கள், அவர் உங்களிடம் சொல்வார். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நம் வட்டாரத்தில் தட்டுமுட்டு நாள்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் குற்றம் சிறியதாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை வீட்டில் வேண்டாததையெல்லாம் நடைபாதையில் கொண்டுபோய்க் குவிக்கிறோம், மறுநாள் மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது, லாரி வரும்வரை நடைபாதையில் இருப்பது எல்லாருடையதும், யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் அதுதான் மரியாதைக்குறைவு. போன வருடம் பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் நம் குவியலுக்குள் மூன்று பெயிண்ட் டப்பாவையும் உடைந்த கழிப்பறைக் கோப்பையையும் நுழைத்துவிட்டார்கள் என்பது பிரோஷ்கா அத்தையின் தீராத வருத்தம். அதனால் இந்த வருடம் காவலுக்கு என்னை நியமித்தார். "நீ சும்மா படிச்சுக்கிட்டுதானே இருக்க, அதைக் கீழ வந்து படி" என்றார். காவலுக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். குவியலில் ஏழு நாற்காலிகள் இருந்தன. ஏழுக்கும் சேர்த்துப் பத்தொன்பது கால்கள்.

நான் மேலே போய் உங்களுடையதைக் கொண்டுவந்தேன்.

பச்சை வெல்வெட். அகலமான கைகள். தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுபத்திரண்டு படி.

நல்ல நாற்காலி. நடைபாதையில். தட்டுமுட்டு நாளில். இந்த ஊரில் பிறந்த எவனும் செய்யாத காரியம். நான் இந்த ஊரில்தான் பிறந்தேன்.

ஒரு மணி நேரம் நன்றாகவே காவல் காத்தேன். பெயிண்ட் டப்பாவோடு வந்த ஒருவரை வெறும் பார்வையால் திருப்பி அனுப்பினேன். என் ஆய்வு உங்களுக்குத் தெரியும்: ஒரு பொருளை அந்தப் பொருளாக ஆக்குவது எது. மூன்று வருடமாக எழுதுகிறேன். நீங்கள் அதை "மேஜை ஏன் மேஜை" என்று சொல்வீர்கள், அது தவறில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அடுப்பில் காப்பி வைத்தது நினைவுக்கு வந்தது.

மேலே எழுபத்திரண்டு. கீழே எழுபத்திரண்டு. நான்கு நிமிடம்.

நாற்காலி இருந்த இடத்தில் ஒரு நிலை விளக்கு நின்றது. அதன் கழுத்தில் ஏதோ ஒரு சீட்டு கட்டியிருந்தது. பழைய விலைச் சீட்டு என்று நினைத்தேன். அதைப் படிக்கும் நிலையில் நான் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்றுகொண்டிருந்தார்.

"இங்க ஒரு நாற்காலி இருந்துச்சே, பாத்தீங்களா?"

"நேத்து சாயங்காலத்துலருந்து நாப்பது நாற்காலி பாத்துட்டேன். எது?"

"பச்சை."

"இப்பதான் ஒரு நீல வேன் போச்சு. மேல கோட்டைப் பக்கம். பின்னாடி பச்சையா என்னமோ தெரிஞ்சுது." கொஞ்சம் யோசித்தார். "முட்டைக்கோஸாவும் இருக்கலாம்."

ஓடினேன். வீட்டுச் செருப்போடு. கோட்டைக் குன்றின் படிகள் எத்தனை என்று எண்ணவில்லை. நம் வீட்டுப் படிகள் நல்லவை என்று மட்டும் தோன்றியது.

மாமா, முப்பத்தொரு வருடம் நீங்கள் சுற்றுலாக் கப்பலை ஓட்டினீர்கள். முப்பத்தொரு வருடம் ஒலிபெருக்கியில் "மேலே பாருங்கள், மீனவர் கொத்தளம்" என்று சொன்னீர்கள். இந்த ஊரைத் தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும், கரையிலிருந்து பார்ப்பவன் முதுகைப் பார்க்கிறான் என்பது உங்கள் கட்சி. அந்தக் கொத்தளத்துக்கு நீங்கள் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்று அம்மா சொல்வாள். நான் ஏறினேன், உங்கள் நாற்காலிக்காக. வெள்ளைக் கோபுரங்கள், வெள்ளைப் படிகள், சர்க்கரையில் செய்து வெயிலில் வைத்த மாதிரி. கீழே ஆறு. ஆற்றின் மேல் பாலங்கள், ஒவ்வொன்றும் வேறு கையெழுத்தில். நேர் எதிரே நாடாளுமன்றம், அதன் கூரை முள் எல்லாம் எண்ணுகிற மாதிரி. அந்தப் பக்கம் பெஸ்ட் முழுவதும் தட்டையாகப் படுத்திருந்தது. மூச்சு வாங்கியது. ஓடியதால் மட்டும் இல்லை. இது என் ஊர் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஒரு கல்யாணப் பெண் நின்றாள்.

"யாருய்யா அது, செருப்போட, படத்துக்குள்ள?" என்றார் புகைப்படக்காரர். "தள்ளி நில்லு. முந்தின நாலு படத்துலயும் நீ இருக்க."

மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொன்னேன். மணப்பெண் பூங்கொத்தை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"மாமா நாற்காலியா? என் மாமாவும் அப்படித்தான். நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டாரு. இன்னிக்கே வரல."

"அவருக்கு உன் மேல கோபம்" என்றான் மாப்பிள்ளை.

"கோபம் இல்ல. நாற்காலி."

புகைப்படக்காரர் இரக்கப்பட்டு, நீளமான லென்ஸ் போட்ட கேமராவை என் கண்ணில் வைத்தார். அதில் முதலில் நம் கட்டடத்தின் முதுகு தெரிந்தது. ஜன்னல் அந்தப் பக்கம், காலியாக. பிறகு சங்கிலிப் பாலம். பாலத்தின் வாயில், கல் சிங்கத்தின் காலடியில், ஒரு நீல வேன் நின்றது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

இறங்கி ஓடினேன். தனி வண்டிகளுக்குப் பாலம் மூடியிருப்பதை வேன்காரர் மறந்துவிட்டார். ரூடி என்று பெயர். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். ஆனால் பேச்சு சீக்கிரமே பாலத்தை விட்டு விலகியது.

"போர்டு இவ்ளோ பெருசா இருக்கு. எங்கய்யா பாத்துக்கிட்டு வந்த?"

"சிங்கத்தை சார். அதுங்களுக்கு நாக்கு இல்லன்னு ஊரே சொல்லுது. இருக்கு சார். பாலம் பழுது பாத்தப்போ சாரத்துல நின்னு என் கண்ணால பாத்தேன். உள்ள படுத்திருக்கு."

"நாக்கு கிடையாது. செஞ்சவன் மறந்துட்டான். எங்க தாத்தா சொல்லியிருக்காரு."

"உங்க தாத்தா சாரத்துல ஏறினாரா சார்?"

"எங்க தாத்தாவைப் பத்திப் பேசாத. லைசென்ஸை எடு."

அப்போது நான் போய் நின்றேன். போலீஸ்காரர் என் செருப்பைப் பார்த்தார், கையிலிருந்த ஆய்வுத்தாளைப் பார்த்தார்.

"தம்பி, படிச்ச மாதிரி இருக்க. நீயே சொல்லு. நாக்கு உண்டா இல்லையா?"

"நூத்தியெழுபது வருஷமா இந்த ஊரே அதுங்களுக்காகப் பேசிக்கிட்டு இருக்கு சார்" என்றேன். "அதுங்களுக்கு நாக்கு எதுக்கு?"

இரண்டு பேரும் சிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போ" என்றார். மூன்று வருட ஆய்வில் என் வாக்கியம் ஒன்று முதல் முறையாக யாருக்கோ பயன்பட்டது. இதை என் பேராசிரியரிடம் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

ரூடி நன்றியோடு வேனைத் திறந்துகாட்டினார். பதினான்கு விளக்குத் தண்டுகள், ஒரு பியானோவின் மூடி, தையல் இயந்திரம், பச்சை பெயிண்ட் அடித்த குழந்தைத் தொட்டில். நாற்காலி இல்லை.

"நல்ல நாற்காலியை நான் எடுக்கமாட்டேன் தம்பி" என்றார் வருத்தமாக. "நான் எடுக்கறது எல்லாரும் கைவிட்டது. நல்லதா இருந்தா பக்கத்துல ஆள் இருப்பான்னு தெரியாதா?"

"ஆள் காப்பி இறக்கப் போயிருந்தான்."

தலையை ஆட்டினார். வேனில் ஏறியவர் இறங்கினார்.

"பச்சைன்னு சொன்ன. காலையில இதே இடத்துல நூத்தியஞ்சாம் நம்பர் பஸ்ல ஒரு பச்சை நாற்காலி ஏறுச்சு. கூட ஒரு பெரியவரும் ஏறுனாரு. டெஜோ மாமா. சேச்சேன்யி குளியல் மண்டபத்துல தினமும் சதுரங்கம் ஆடுவாரு. நானே ரெண்டு தடவை தோத்திருக்கேன். அங்க போய்ப் பாரு."

பாலத்தை நடந்து கடந்தேன். அந்தப் பக்கம் போய் மஞ்சள் சுரங்க ரயில். கண்டத்திலேயே முதலில் ஓடியது அது. கூரை தாழ்வு, தலை இடிக்கும். இடித்தது. வேறு ஊர்களில் புது ரயிலில் இடித்துக்கொள்கிறார்கள், நமக்கு வரலாற்றில் இடிக்கிறது என்று தேய்த்துக்கொண்டேன்.

குளியல் மண்டபத்தின் வாயிலில் ஒரு பெண்மணி. வெள்ளைக் கோட்டு. "உடுப்போட குளத்துப் பக்கம் போகக்கூடாது."

"குளிக்க வரலீங்க. நாற்காலி தேடி வந்தேன்."

"நாற்காலி தேடறவங்களுக்குத் தனி வழி கிடையாது. எல்லாரும் போற வழியிலதான் போகணும்."

என்னிடம் குளியல் உடை இல்லை என்றேன். மறந்துவிட்டுப் போனவற்றின் பெட்டியைத் தள்ளினார். என் அளவில் இருந்தது ஒன்றுதான். அதில் அன்னாசிப் பழங்கள். மாமா, அந்த மஞ்சள் அரண்மனையின் முற்றத்துக்குள், தூண்களும் சிலைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அன்னாசிப் பழங்களோடு இறங்கினேன். தரையின் அடியிலிருந்து கொதித்து வரும் தண்ணீர். மார்பளவு. அதில் நின்றபடி கிழவர்கள் கல் பலகையின் மேல் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தத் தலைநகரில் மந்திரியும் குதிரையும் வியர்க்கும்?

குளத்தின் விளிம்பில், ஈரம் படாத கல்லில், நிழலில், உங்கள் நாற்காலி.

அதில் ஒரு பெரியவர். வெந்நீர் ஆகாது என்று மருத்துவர் தடுத்துவிட்டதால் அவர் மட்டும் மேலே உட்கார்ந்து ஆடுவாராம். எதிராளி தண்ணீருக்குள்.

மூன்று சான்று பார்த்தேன். இடது கையில் சிகரெட் சுட்ட வடு. முன்பக்க வலது கால் குட்டை, அடியில் மடித்த செய்தித்தாள். சாய்ந்தால் ஒரு முனகல். இதற்கு மேல் என்ன வேண்டும்? பொருளின் தனித்தன்மை பற்றி மூன்று வருடம் எழுதியவன் ஒரு பொருளைத் தவறாக அடையாளம் காண மாட்டான்.

"பெரியவரே, நீங்க உக்காந்திருக்கறது என் மாமா நாற்காலி."

அவர் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க மாமா இதுல இல்லையே."

"காலையில தெருவுல எடுத்தீங்க."

"என் வீட்டுலருந்து எடுத்தேன். இன்னிக்குத் தட்டுமுட்டு நாள். மருமக இதைத் தெருவுல வைக்கப்போறான்னு தெரிஞ்சுது. அவ எந்திரிக்கறதுக்குள்ள பஸ் ஏத்திட்டேன்."

சிரித்தேன். தட்டுமுட்டு நாளில் இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற பொய் இது.

"இடது கையில சுட்ட வடு இருக்கே?"

"எங்க அப்பா சுட்டது. வலது கையில சீட்டு, இடது கையில சிகரெட்."

"வலது கால் குட்டை."

"அந்தத் தொழிற்சாலையில வந்த எல்லாமே குட்டை. அவங்க அளவுகோலே குட்டை." தண்ணீரில் நின்ற எதிராளி சிரித்தார்.

"சாஞ்சா முனகுது."

"எனக்கும் முனகுது. என் வயசுல எது முனகல?"

அதற்குப் பிறகு நான் பேசினேன். இருபது நிமிடம் இருக்கும். ஒரு நாற்காலியை அந்த நாற்காலியாக்குவது மரமும் துணியும் இல்லை, அதில் உட்கார்ந்த உடம்பு என்றேன், அந்த உடம்பு விட்டுப்போன பள்ளம் ஒரு கையெழுத்து என்றேன், சட்டத்துக்கு முன் நடைபாதை இருக்கலாம் ஆனால் நடைபாதைக்கு முன் நினைவு இருக்கிறது என்றேன், மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் மார்பளவு வெந்நீரில் நின்று, ஒரு கையால் அன்னாசிப் பழங்களைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் சொன்னேன், பக்கத்துப் பலகைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், ஒருவர் என் கட்சி, இரண்டு பேர் அவர் கட்சி, ஒருவர் மட்டும் "கொஞ்சம் மெதுவா பேசுய்யா, என் ராணி போகப்போகுது" என்றார்.

டெஜோ மாமா கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சரி. உன் மாமா அதுல உக்காந்து என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ணமாட்டாரு."

"ஒண்ணும்னா?"

"ஆத்தைப் பாப்பாரு. இருட்டினதும் எதிர்க்கரையில நாடாளுமன்றத்துக்கு விளக்கு போடுவாங்க. 'போட்டாச்சு'ம்பாரு. நான் 'ஆமா'ம்பேன். அவ்ளோதான்."

"தினமுமா?"

"தினமும்."

"நீ எங்க உக்காருவ?"

"தரையில."

"நாற்காலி இல்லேன்னா?"

"வரமாட்டாரு. ஜியோருக்குப் போயிடுவாரு."

அவர் ஒரு காயை எடுத்து, வைக்காமல், கையிலேயே வைத்திருந்தார். பிறகு சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்டார். எத்தனையாவது மாடி. எத்தனை படி. ஜன்னலில் மழைச் சாரல் அடிக்குமா. வெல்வெட்டில் நேர் வெயில் படுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வயதானவர்களுக்கு விவரம் பிடிக்கும்.

"எடுத்துட்டுப் போ" என்று எழுந்தார்.

வாதத்தால் வென்றேன், மாமா. கருத்தின் பலத்தால். தண்ணீரிலிருந்து கைதட்டல் வந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக ஒரு அன்னாசிப் பழக் குளியல் உடையைக் கழற்றியதில்லை. கிளம்பும்போது வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தோற்றவரின் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சுரங்க ரயிலில் கூட்டம். நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இது சாமானா, இருக்கையா?"

சாமான் என்றால் தனிச் சீட்டு கேட்பார். "இருக்கை" என்றேன்.

"அப்ப எந்திரிங்க. அந்த அம்மா உக்காரட்டும்."

ஒரு அம்மா இரண்டு பைகளோடு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நிறுத்தம் வந்தார். "நல்லா இருக்கு" என்றார். "முனகுது, ஆனா நல்லா இருக்கு." உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொல்கிறேன்.

பிறகு சங்கிலிப் பாலம். தலையில் நாற்காலி. நடுவில் வந்ததும் முடியவில்லை. நடைபாதையில் இறக்கி, ஆற்றைப் பார்க்கத் திருப்பி, உட்கார்ந்தேன். மாலை ஆறு மணி. வெயில் புடா பக்கம் சாய்ந்து, பெஸ்டின் எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. சிங்கத்தோடு படம் எடுக்க வந்த வெளிநாட்டார் இரண்டு பேர் என்னையும் ஒரு காட்சி என்று நினைத்து வரிசையில் நின்றார்கள். எழுந்திருக்கவில்லை. காட்சிதான் என்று எனக்கும் தோன்றியது.

அப்போது கீழே உங்கள் பழைய கப்பல் வந்தது. மற்றக் கப்பல்களில் எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். உங்களுடையதில் மட்டும் இன்னும் ஒலிபெருக்கி. நீங்கள் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது, அவர்கள் இன்னும் உங்கள் பதிவைத்தான் போடுகிறார்கள். பாலத்துக்கு அடியிலிருந்து உங்கள் குரல் ஏறி வந்தது.

"வலது பக்கம் நாடாளுமன்றம். அவசரம் வேண்டாம். அது எங்கேயும் போகாது."

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் குரலைக் கேட்டு, நீங்கள் சொன்ன பக்கம் பார்த்தேன். கப்பலில் ஐம்பது பேர் அதே நேரத்தில் அதே பக்கம் திரும்பினார்கள். அவர்களில் யாருக்கும் உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுபத்திரண்டு படி. பன்னிரண்டு தடவை இறக்கி வைத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். ஜன்னல் பக்கம், தரையில் உங்கள் நாற்காலிக் கால்கள் அழுத்திய நான்கு குழிகளில் சரியாகப் பொருத்தினேன். இருட்டினதும் எதிர்க்கரையில் விளக்கு போட்டார்கள். "போட்டாச்சு" என்றேன். யாரும் "ஆமா" சொல்லவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. நாற்காலி இருக்கிறது. அறுபது வருடத்தில் நீங்கள் பார்க்காத புடாபெஸ்டை ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்து, இருந்த இடத்தில் இருக்கிறது. ஒரு நூலும் பிரியவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் கிங்கா கண்ணில் காட்டாதீர்கள். சனிக்கிழமை நான் ரயில் நிலையத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறலாம். அவசரம் வேண்டாம். ஜன்னல் எங்கேயும் போகாது.

உங்கள் முழங்கால்கள் இரண்டும் ஒரே திசையில் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வணக்கத்துடன்,

உங்கள் மருமகன்
பாலின்ட்

பின்குறிப்பு: வியாழன் பிற்பகல். ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

பிரோஷ்கா அத்தை வாட்ஸிலிருந்து வந்துவிட்டார். முற்றத்தில் நின்று கூப்பிட்டார்.

"பாலின்ட். உங்க மாமா நாற்காலியை எப்ப எடுத்துட்டுப் போகப்போற? என் சமையலறையில கால் வைக்க இடமில்ல."

இறங்கிப் போனேன். பச்சை வெல்வெட். இடது கையில் சுட்ட வடு. வலது கால் குட்டை. அவருடைய அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில்.

"நான் ரயிலுக்குக் கிளம்பி வெளிய வரேன், இது தனியா நிக்குது. நாலு பேர் சுத்தி வந்து பாக்கறானுங்க. உள்ள இழுத்துப் போட்டுட்டு, இடத்துல விளக்கை வெச்சு, சீட்டும் எழுதிக் கட்டிட்டுதானே போனேன்."

"யாரோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது அத்தை?"

"நல்ல நாற்காலியைத் தெருவுல விட்டுட்டுப் போற மக்கு இந்தக் கட்டடத்துல ஒருத்தன்தான்டா."

சீட்டை நான் படிக்கவில்லை, மாமா. படிப்பதுதான் என் தொழில்.

அதையும் மேலே கொண்டுவந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் முனகுகின்றன. பள்ளங்களும் ஒரே மாதிரிதான். இரண்டையும் துடைப்பதற்காக ஒரு முறை நகர்த்தினேன். அதற்குப் பிறகு எது எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் தட்டுமுட்டுக் குவியலில் சேர்த்திருக்கலாம்.

ஆக, ஒரு நேர்மையான மனிதரிடமிருந்து அவருடைய சொந்த நாற்காலியைப் பேசியே பறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். குளியல் மண்டபத்துக்குத் தொலைபேசி செய்தேன். வெள்ளைக் கோட்டுப் பெண்மணி அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"தெரியும்பா" என்றார் டெஜோ மாமா. "என் நாற்காலி எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் குடுத்தீங்க?"

"வீட்டுக்குக் கொண்டுபோனா மருமக தெருவுல வைப்பா. நீ ஜன்னல்ல வைப்பேன்னு சொன்ன. சாரல் அடிக்காதுன்னும் சொன்ன. சனிக்கிழமை வரேன். எழுபத்திரண்டு படிதானே, அங்கங்க உக்காந்து ஏறிக்கறேன். பலகையை நானே கொண்டுவரேன். உங்க மாமா ஆடுவாரா?"

பிரமாதமாக ஆடுவார் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தில் மிச்சமிருக்கும் ஒரே பொய் அதுதான். நாளைக்குள் யாரிடமாவது குதிரை எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது உங்களுடையது என்று நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். தவறானதில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. இருட்டினதும் எதிர்க்கரையில் விளக்கு வரும். இந்த முறை "போட்டாச்சு" என்று சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். நான் தரையில் இருப்பேன். "ஆமா" என்று நான் சொல்கிறேன்.